நன்றியுரை மட்டும் பிழைத்தது

திரை மறுபடியும் சிவந்தது.

‘விழி உண்டு. கவனம் இல்லை’ என்று எழுத்து வந்து நின்றது.

“கவனம் இல்லையாம்! ஒங்கப்பனுக்கு இருந்திச்சாக்கும் கவனம்” என்று தவசிமுத்து திரையைப் பார்த்தே சொன்னார். நாற்காலிக்கு மேலே தொங்கிய கவனமானி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்குக் காது கிடையாது, கண் மட்டும்தான். படிக்கிறவனுடைய கண்மணி விரிகிறதா, ஒரு சொல்லில் நின்று யோசிக்கிறதா, இல்லை மாடு மாதிரி சும்மா மேய்கிறதா என்று அளந்துகொண்டே இருக்கும். குற்றம் கண்டுபிடிக்கவென்றே வீட்டில் உட்கார்ந்திருக்கும் மாமியாரைப் போல.

அவர் முன்னால் இருந்தது ‘கூழ்மங்களின் பாகுநிலை மாற்றங்கள்’ என்கிற ஆய்வேடு. தவசிமுத்து ஐந்தாம் வகுப்போடு உப்பளத்துக்குப் போனவர். நாற்பது வருஷம் வெயிலில் உப்பு வாரிய கை அது. கூழ் தெரியும், பாகு தெரியும். இரண்டையும் சேர்த்து இவன் என்ன கிண்டுகிறான் என்பது மட்டும் விளங்கவில்லை.

“அண்ணாச்சி, அதுகூட எதுக்கு மல்லுக்கு நிக்கிய? முன்னால திருப்புங்க” என்றாள் பக்கத்து நாற்காலி சொர்ணக்கிளி. இருபத்தைந்து வருஷம் பீடி சுற்றிவிட்டு வாசிப்பாளி வேலைக்கு வந்தவள். கை ஓய்ந்தாலும் வாய் ஓயவில்லை.

அவர் முன்னால் திருப்பினார். நன்றியுரை வந்தது. திரை உடனே பச்சையானது.

“என்ன எழுதியிருக்கான்?”

“வழிகாட்டிக்கு நன்றி, துறைத்தலைவருக்கு நன்றி, விடுதியில நாலு வருஷம் உப்பில்லாத சாம்பார் ஊத்துன சமையக்காரருக்கு நன்றி. நக்கல் புடிச்ச பயலா இருக்கான்.”

“பொண்டாட்டிக்கு?”

“வருது, வருது. பன்னெண்டாவதா வருது. நாய்க்கு அப்புறம்.”

“அந்தக் குடும்பம் வெளங்கினாப்லதான்” என்றாள் சொர்ணக்கிளி. கூடம் முழுக்கச் சிரித்தது. பன்னிரண்டு பேர் அங்கே. எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள், எல்லாருடைய திரையிலும் நன்றியுரை.

இந்த வேலை எப்படி வந்தது என்றால், அதற்குப் பாசிதான் காரணம். ஒரு காலத்தில் பல்கலைக்கழகத்துக் கணினிகள் எல்லாவற்றையும் சேர்த்துவைத்தன. இயந்திரம் எழுதியது, இயந்திரம் படித்தது, ஒன்றுக்கொன்று முதுகு சொறிந்துகொண்டது. கோடிக்கணக்கில் ஆய்வேடுகள் குவிந்தன. எது மனிதன் உழைத்தது, எது குப்பை என்று பிரிக்க ஆளில்லை. அப்போதுதான் பாசிப்பேழையைக் கண்டுபிடித்தார்கள். கண்ணாடி ஜாடிக்குள் வளரும் ஒரு பாசி. அதன் உயிரணுக்குள் பக்கம் பக்கமாக எழுத்தைப் பதித்துவிடலாம். ஒரு பக்கத்தை மனிதக் கண் கவனத்தோடு படித்தால் அந்தப் பக்கத்துப் பாசிக்கு வெளிச்சமும் சர்க்கரையும் போகும். ஆறு வருஷம் யாரும் சீண்டாத பக்கம் பட்டினி கிடந்து வெளுத்துச் செத்துவிடும். வேண்டியது வாழும், வேண்டாதது தானே போகும், குப்பை அள்ள ஆள் தேவையில்லை என்று பேசிக்கொண்டார்கள். பழைய கணினித் தட்டுகளையெல்லாம் இரும்புக்கடைக்குப் போட்டார்கள். படித்தவர்கள் ஒன்றைத் தூக்கிப்போடும்போது காட்டுகிற சந்தோஷம் இருக்கிறதே, அதைப் பார்த்தாலே சந்தேகப்பட வேண்டும்.

ஆனால் பேராசிரியர்களுக்கு அடுத்தவன் ஆய்வேட்டைப் படிக்க நேரம் ஏது? எழுத்துக்கூட்டத் தெரிந்த கிழடுகளை நாள்கூலிக்கு எடுத்தார்கள். ஆய்வேடு எந்த மொழியில் இருந்தாலும் திரை தமிழாக்கிக் கொடுக்கும். ஒவ்வொரு ஏட்டையும் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை நாற்பது நிமிடம் கவனத்தோடு படிக்க வேண்டும். படித்தால் வாசலில் இருக்கும் பெரிய பலகையில் அந்த ஏட்டுக்குப் பச்சை விழும்.

முதல் மாதம் ஒருவருக்கும் பச்சை விழவில்லை. புரியாததில் கவனம் எப்படி நிற்கும்? சொர்ணக்கிளிதான் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தாள். எந்த ஆய்வேடானாலும் முன்னால் ஒரு நன்றியுரை இருக்கும். அதில் அப்பன், ஆத்தாள், அழுகை, கோபம், காதல், கடுப்பு எல்லாம் இருக்கும். அதையே நாற்பது நிமிடம் நாலு தடவை படித்து வம்பளந்தால் போதும், கவனமானிக்கு வயிறு நிறைந்துவிடும். பதினோரு வருஷமாக அப்படித்தான். பலகை நூற்றுக்கு நூறு பச்சை. தலைநகரில் கூப்பிட்டு விருதுகூடக் கொடுத்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் குடிநீர் வாரியத்திலிருந்து ஒரு பொறியாளர் வந்தாள். பெனிட்டா என்று பேர். முப்பது வயசு இருக்கும். மூன்று வாரம் ஒழுங்காகத் தூங்காத முகம். காப்பகத் தலைவர் முனைவர் வசுந்தராவின் அறை கண்ணாடிச் சுவர் போட்டது. உள்ளே பேசுவது கூடத்துக்குக் கேட்கும்.

“சுத்திகரிப்பு ஆலையில தண்ணியை வடிகட்டுற சவ்வு கிழிஞ்சிட்டு மேடம். புதுசு வர மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் பழைய கிணறுகளைத் திறந்துதான் ஆகணும். திங்கக்கிழமை முந்நூத்திப் பன்னெண்டு கிணத்துலயும் மோட்டார் இறக்குறோம்.”

“தண்ணியைச் சோதிச்சிட்டீங்களா?”

“எல்லாம் நல்ல தண்ணிதான். அதுதான் பயமே. அந்தப் பக்கத்து மண்ணுல ரெண்டு மாசம் தொடர்ந்து இறைச்ச பிறகுதான் சில கிணத்துல ஆர்சனிக் மேல வரும். இன்னைக்குச் சோதிச்சா ஒண்ணும் காட்டாது. முப்பத்திநாலு வருஷத்துக்கு முன்னால உங்க பல்கலைக்கழக மாணவி நிவேதிதா மூணு வருஷம் ஊர்லயே தங்கி, இறைச்சு இறைச்சு அளந்திருக்காங்க. பதினேழு கிணறு விஷம்னு எங்க பழைய சுற்றறிக்கையில ஒரு வரி இருக்கு. எது எதுன்னு இல்லை. ஆய்வேடு எழுபத்தெட்டாம் பக்கம் பார்க்கவும்னு போட்டிருக்கு. எனக்கு அந்த ஒரு பக்கம் போதும்.”

“அவங்களையே கேட்கலாமே?”

“இறந்து ஒன்பது வருஷம் ஆச்சு.”

வசுந்தரா பதறவில்லை. பலகையில் அந்த ஏடு பச்சை. நிதானமாகத் திறந்தார். முகப்பு வந்தது. நன்றியுரை பளிச்சென்று வந்தது. அதற்கு அடுத்த பக்கம் சாம்பல் நிறம். அதற்கடுத்ததும் சாம்பல். எழுபத்தெட்டாம் பக்கத்தில் ‘உணவின்றி மடிந்தது’ என்று ஒரே வரி. கிணறுகளின் படம் இருந்த கடைசிப் பக்கத்திலும் அதே வரி.

பதிவேட்டைத் தட்டினார். வாசிப்பாளி தவசிமுத்து. நான்கு முறை. கடைசி முறை நாற்பத்தொரு நிமிடம்.

தவசிமுத்துவைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட தோரணையிலேயே அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. கருவி கெட்டுப்போச்சு என்று சொன்னால் தீர்ந்தது. கருவி வந்து சாட்சி சொல்லப்போவதில்லை. சொர்ணக்கிளியும் கதவோரம் நின்று அதையே சொல்லச்சொல்லிக் கண்ணைக் காட்டினாள்.

“நான் நன்றியுரை மட்டுந்தாம்மா படிச்சேன்” என்றார் அவர்.

“நாலு தடவையுமா?”

“நாலு தடவையும். நான் மட்டுமில்ல, பன்னெண்டு பேரும். எல்லா ஏட்டுலயும்.”

சொர்ணக்கிளி தலையில் அடித்துக்கொண்டாள்.

“பதினோரு வருஷமா இதை ஏன் யாரும் சொல்லலை?” வசுந்தராவின் குரல் உடைந்தது.

“கேட்டியளா? அஞ்சாப்புப் படிச்சவனை உக்காரவச்சு ஆகாசத்தையும் அணுவையும் படிக்கச் சொன்னிய. பலகை பச்சையா இருந்திச்சு, நீங்க விருது வாங்கப் போயிட்டிய. பச்சையா இருக்கதையெல்லாம் நம்புறதுக்கு நாம என்ன மாடா?”

பலகை ஏட்டுக்கு ஒரு விளக்குதான் காட்டும். பாசி பக்கத்துக்குப் பக்கம் தின்னும். இந்த வித்தியாசத்தை அத்தனை பெரிய படிப்புப் படித்த ஒருவரும் யோசிக்கவில்லை. வசுந்தராவின் கை தானாகப் போய் இன்னோர் ஏட்டைத் திறந்தது. அவருடையதே. கடல் அட்டைகளைப் பற்றி ஐந்து வருஷம் தண்ணீருக்குள் மூழ்கி மூழ்கி எழுதியது. முகப்பு, நன்றியுரை, பிறகு சாம்பல்.

“அதையும் நாந்தாம்மா படிச்சேன்” என்றார் தவசிமுத்து, குரலை இறக்கி. “ஒங்கப்பா பஸ் டிரைவரு. நேர்முகத் தேர்வுக்கு நேரமாயிட்டுன்னு பஸ்ஸை ரூட்டு மாத்தி ஓட்டிக்கிட்டு வந்து ஒங்களை இறக்கிவிட்டாரு. மெமோ வாங்குனாரு. நல்ல மனுசன்.”

வசுந்தரா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் ஏதோ ஒரு சத்தம் போட்டார். ஐந்து வருஷத்துக் கடலில் மிஞ்சியது அந்த பஸ்தான்.

“இப்ப என்ன மேடம் செய்றது?” என்றாள் பெனிட்டா. “உப்பாற்றுப்பட்டியில மட்டும் நாலாயிரம் குடும்பம் இருக்கு.”

“எந்த ஊரு?” தவசிமுத்து சட்டென்று திரும்பினார்.

“உப்பாற்றுப்பட்டி.”

அவருடைய ஒரே மகள் ராஜகனியைக் கொடுத்திருப்பது உப்பாற்றுப்பட்டியில்தான். பேத்தி செவ்வந்தி வளர்வதும் அங்கேதான். ஏட்டுத் தலைப்பில் அந்த ஊர்ப்பேர் கிடையாது. ‘கீழைக் கடற்கரை நிலத்தடி நீரின் வேதியியல்’ என்று என்னவோ வாயில் நுழையாததுதான் இருந்தது. ஊர்ப்பேர் உள்ளே இருந்திருக்கும். உள்ளேதான் அவர் போகவில்லையே.

“அந்த நன்றியுரையை எடும்மா” என்றார். “அதுல பேரு வரும். நெறய வரும். யாருடா இவ, வாக்காளர் பட்டியல் மாதிரி எழுதியிருக்காளேன்னு நாங்க சிரிச்சிருக்கோம்.”

வசுந்தரா வாசித்தார். வழிகாட்டி, பெற்றோர், ஆய்வகத் தோழிகள். பிறகு இப்படி வந்தது: ‘உங்கள் கிணற்று நீரைக் குடிக்காதீர்கள் என்று நான் சொன்னபோது, என்னை வையாமல், மறுபேச்சுப் பேசாமல் வேலி அடைத்த பதினேழு வீட்டாரையும் என் ஆயுள் உள்ளவரை மறவேன். பனையடித் தெரு அருளப்பர், சங்குக்காரர் வீட்டு மரியசெல்வம், கருத்தாச்சி, வண்டிமறித்தான்…’

பெனிட்டா ஏற்கெனவே எழுதத் தொடங்கியிருந்தாள்.

“பதினாறு பேர் வருது மேடம். பதினேழாவது?”

வசுந்தரா கடைசி வரியை மெதுவாகப் படித்தார். ‘பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு நல்லுள்ளத்துக்கும்.’

சனிக்கிழமை விடிந்ததும் மூவரும் உப்பாற்றுப்பட்டிக்குப் போனார்கள். குழாய்த் தண்ணீர் வந்து இருபத்தெட்டு வருஷம் ஆகியிருந்தது. கிணறுகளை ஊர் மறந்தே போயிருந்தது. வேலிகளை எப்போதோ பிடுங்கி அடுப்பெரித்தாகிவிட்டது. சிலர் கிணற்றுக்கு மேலே பலகை போட்டுக் கோழி வளர்த்தார்கள்.

அருளப்பர் செத்துப்போயிருந்தார். அவர் மகன் வேறு தெருவுக்குக் குடிபோயிருந்தான். ஆனால் கிணறு இடம் மாறவில்லை. “ஆமா, அப்பா சாகுறவரைக்கும் எங்களைக் கிணத்துப் பக்கம் அண்டவிடமாட்டாரு, ஏதோ பேய் இருக்குன்னுதான் நெனச்சோம்” என்றான். பெனிட்டா அந்தக் கிணற்றுச் சுவரில் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டாள். மரியசெல்வம் வீட்டை நாலு பேர் வாங்கி விற்றிருந்தார்கள். வண்டிமறித்தானைத் தேடிப்போனால் அவரே உயிரோடு உட்கார்ந்திருந்தார், எண்பத்தொன்பது வயசில்.

“அந்தப் புள்ள எம் பேரை எழுதியிருக்காளா? எங்க, படிங்க பாப்போம்” என்றார். படித்தார்கள். மறுபடியும் படிக்கச் சொன்னார். மூன்றாவது தடவை கேட்டுவிட்டு, “வெயில்ல தொப்பி போடமாட்டா, கூறு கெட்டவ” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கருத்தாச்சி என்ற பேரில் அந்த ஊரில் மூன்று பேர் இருந்திருக்கிறார்கள். எந்தக் கருத்தாச்சி என்று சொல்ல ஆள் இல்லை. “மூணையும் அடைச்சிருவோம்” என்றாள் பெனிட்டா. அப்படிச் சந்தேகத்தில் சேர்ந்ததையும் சேர்த்து, மத்தியானத்துக்குள் பதினாறு பேருக்கும் கிணறு கண்டாயிற்று.

பதினேழாவது மட்டும் கிடைக்கவில்லை. ஊர்க்கூட்டம் போட்டுக் கேட்டார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வாரியத்துக்குப் போன் போட்டாள் பெனிட்டா. மேலதிகாரியின் குரல் வெளியே கேட்டது. “முந்நூத்துக்கு ஒண்ணுதானேம்மா? அதுக்காக ஊரைத் தாகத்துல போட முடியுமா? திங்கக்கிழமை இறக்கிரு.”

“முந்நூத்துக்கு ஒண்ணாம்” என்றார் தவசிமுத்து. “அந்த ஒண்ணை அவன் வீட்டுல ஊத்திக் குடுத்தா குடிப்பானா?”

சாப்பாட்டுக்கு மகள் வீட்டுக்குப் போனார். பின்கட்டில் ஒரே சண்டை. ராஜகனியும் அவள் மாமியார் பொன்னாபரணமும்.

“பாருங்கப்பா, ஊரே தண்ணிக்கு நாக்கைத் தொங்கப்போட்டுக்கிட்டு அலையுது. நம்ம கிணத்துல மோட்டார் இறக்க வேண்டாமாம். அத்தைக்குச் சத்தம் ஆகாதாம்.”

“ஆமா, சத்தம் எனக்கு ஆகாது. தல கிர்ருங்கும்” என்றாள் பொன்னாபரணம்.

தவசிமுத்து சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். வாசலில் மாவு ஆலை ஓடுகிற வீடு இது. முப்பது வருஷமாக அந்த இரைச்சலில் பகலெல்லாம் குறட்டை விட்டுத் தூங்குகிற அம்மாளுக்கு மோட்டார் சத்தம் ஆகாதாம். சந்தேகப்படுவது அவருக்குப் பிறவிக்குணம். அதனால் வாழ்க்கையில் பல பேருடைய பகையைச் சம்பாதித்திருக்கிறார். இன்றைக்கு அந்தக் குணத்தின் மேலேயே அவருக்கு எரிச்சல் வந்தது. அது சொல்வது தப்பாக இருந்துவிடக் கூடாதா என்று இருந்தது.

மகளை மோர் வாங்கிவரக் கடைக்கு அனுப்பினார்.

“மைனி” என்றார். “அந்தப் பதினேழாவது நீங்கதானா?”

பொன்னாபரணம் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அப்ப மூத்தவளைப் பொண்ணு பாக்க வந்துக்கிட்டு இருந்தாவ, அண்ணாச்சி. கிணத்துல விஷம்னா ரத்தத்துலயும் விஷம்னு சொல்லுவானுவ. அந்தப் புள்ள இந்தா, இந்த அடுக்களையிலதான் உக்காந்திருந்தா. பேரை மட்டும் போட்டுராத தாயின்னு காலைப் பிடிச்சேன். பேரைப் போடமாட்டேம்மா, ஆனா பின்னால நம்பரும் படமும் போட்டுத்தான் ஆகணும், அது இல்லாம இருக்க முடியாதுன்னு சொன்னா. சரின்னேன். நம்பர் இருக்குல்ல, படிச்சவங்க கையில பத்திரமா இருக்கும், வேணுங்கிறப்போ எடுத்துக்கிடுவாங்கன்னு இருந்துட்டேன்.”

அந்த அம்மாள் நம்பிய நம்பரைப் பட்டினி போட்டுக் கொன்றவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியாது.

“எம் மகளைக் கட்டும்போது சொல்லியிருக்கலாமே?”

“நீங்க கேக்கலையே அண்ணாச்சி. மாவு மில்லு யாரு பேர்ல இருக்கு, மாப்பிள்ளை குடிப்பாரா, பல்லு சொத்தையான்னு அத்தனையும் கேட்டிய. தண்ணியப் பத்திக் கேக்கலையே. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “சொல்லியிருப்பேனோ என்னவோ.”

“இப்ப வெளிய வந்து சொல்லணும் மைனி. இல்லன்னா திங்கக்கிழமை எல்லாத்தையும் இறக்கிருவானுவ. ஒங்க கிணத்துத் தண்ணி ஒங்க வீட்டோட நிக்காது. தெருவுக்கே போகும்.”

“செவ்வந்திக்குப் பதினெட்டாகுது.”

“செவ்வந்தி உயிரோட இருந்தாத்தான் மாப்பிள்ள!” என்று கத்தினார். “பேருக்குப் பயந்து ஒரு ஊரைக் கொல்லுவியளா? அப்படி என்ன பொல்லாத பேரு?”

அவளுக்காகக் காத்திருக்கவில்லை. எழுந்து தெருவுக்கு வந்தார். பெனிட்டா வேப்பமரத்தடியில் பட்டியலோடு நின்றாள். சுற்றிலும் கூட்டம்.

“எழுதிக்கோ தாயி. பதினேழாவது எம் மக வீடு.”

மோர்ச் செம்போடு வந்த ராஜகனி அப்படியே நின்றுவிட்டாள். பெனிட்டா பின்கட்டுக்குப் போய்ச் சிவப்புப் பெருக்கல் குறியைப் போட்டாள். அந்தக் கிணறுகளை அடைத்துவிட்டு, மற்றதில் மட்டும் திங்கட்கிழமை மோட்டார் இறக்கினார்கள். மூன்று மாதம் ஊர் தண்ணீர் குடித்தது. ஒரு குழந்தைக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. உலகம் அவ்வளவு நல்லதா என்ன?

செய்தித்தாளில் வீட்டுப் பேர்களோடு போட்டார்கள். ‘நன்றியுரை காப்பாற்றிய ஊர்’ என்று கொட்டை எழுத்து. பாராட்டித்தான் எழுதினார்கள். அடுத்த மாதமே மரியசெல்வம் வீட்டை வாங்கியவனுடைய மகளுக்கு நிச்சயம் முறிந்தது. பிறகு வண்டிமறித்தான் பேரனுக்கு. விஷக்கிணற்று வீடு என்றால் போதும், வந்த கார் திரும்பிப் போயிற்று.

அதற்குப் பிறகு பல்கலைக்கழக வாசலில் கூட்டம் கூடியது. உப்பாற்றுப்பட்டியிலிருந்து மட்டுமல்ல, மாவட்டம் முழுவதிலிருந்தும். எந்தக் காலத்திலோ எந்த மாணவனுடைய ஆய்வுக்கோ ரத்தம் கொடுத்தவர்கள், மண் கொடுத்தவர்கள், வீட்டில் நடந்ததைச் சொன்னவர்கள் எல்லாரும் வந்தார்கள். எங்களுக்கு நன்றி வேண்டாம், எங்கள் பேரை எடு என்றார்கள். நன்றியுரை சும்மா ஒரு மரியாதை என்று இருந்தவரை யாருக்கும் அதைப் பற்றிக் கவலையில்லை. அதற்குள்ளே விஷயம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டதே.

பல்கலைக்கழகம் ‘பெயர்நீக்க ஆணை’ போட்டது. புது ஆய்வேடுகளில் ஆள் பேர் கூடாது, வீட்டுப் பேர் கூடாது. படத்தில் இடத்தைக் காட்டினாலும் வீடு தெரிந்துவிடும் என்று அதையும் எடுத்தார்கள். சம்பந்தப்பட்டவர் கையெழுத்துப் போட்டுச் சம்மதித்தால் மட்டும் சேர்க்கலாம். எவன் போடுவான்? நன்றியுரை என்று தலைப்புப் போட்டு, கீழே ‘அனைவருக்கும் நன்றி’ என்று இரண்டே சொல்லில் முடித்தார்கள் மாணவர்கள்.

வசுந்தரா தன் பங்குக்குப் பலகையை மாற்றினார். இனி பக்கத்துக்குப் பக்கம் விளக்கு. வாசிப்புக் கூடத்தில் பழைய சிரிப்பு இல்லை. ‘அனைவருக்கும் நன்றி’ என்பதை வைத்து எத்தனை நிமிடம் வம்பளக்க முடியும்? சொர்ணக்கிளியே வாயை மூடிக்கொண்டு அட்டவணைகளோடு போராடினாள். திரைகள் சிவந்து சிவந்து அணைந்தன.

இரண்டு வருஷம் கழித்து உப்பாற்றுப்பட்டிக் கிணறுகளை மறுபடியும் அளந்து ஒரு மாணவி எழுதிய ஏடு வந்தது. வசுந்தரா அதைத் தவசிமுத்துவிடமே கொடுத்தார். நன்றியுரையைத் தாண்டி ஒரே மூச்சில் ஏட்டுக்குள்ளே போனார் அவர். யாருக்கும் புரியாத அந்த எண்களை எழுத்துக்கூட்டிப் படித்தார், வரி வரியாக, விரல் வைத்து. கிணறு எண் 208. பின்கட்டு, நாற்பத்தேழு அடி ஆழம், பக்கத்தில் மாவு ஆலை. பார்த்த உடனே தெரிந்தது அவருக்கு. ஆர்சனிக் அளவு அனுமதித்ததைவிடப் பல மடங்கு கூடியிருந்தது.

“அம்மா, இருநூத்தெட்டுன்னா எந்த வீடுன்னு இதுல எங்கயும் இல்லையே?” என்று கேட்டார்.

“அந்தப் பக்கம் தனியா இருக்குங்க. எந்த நம்பர் யார் வீடுங்கிற பக்கம். சம்மதம் இல்லாம பாசியில பதிக்க முடியாது” என்றார் வசுந்தரா. “பதினேழு வீட்டுல பதினாறு வீடு முடியாதுன்னுட்டாங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள வராட்டி அந்தப் பக்கத்தை அழிச்சிடணும், ஆணை அப்படி. நீங்க உங்க மக வீட்டைக் கேளுங்களேன். ஒரு வீடு சரின்னா அதைக் காட்டி மத்தவங்ககிட்ட பேசிப் பாக்கலாம். நீங்க சொன்னா கேப்பாங்க.”

“கேக்காம என்ன?” என்றார் அவர். “இந்தா, இப்பவே போடுதேன்.”

வராந்தாவுக்குப் போய் மகளைக் கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னார். முப்பது வருஷம் கழித்து இன்னொரு சவ்வு கிழியும், இன்னொரு பெனிட்டா வருவாள், வந்தால் அவளுக்கு இந்தப் பக்கம் வேண்டும் என்று சொன்னார். அவர் குரல் பழையபடி உரத்துத்தான் இருந்தது.

போனின் மறுமுனையில் ராஜகனி முழுதும் கேட்டாள்.

“அப்பா” என்றாள். “நாளைக் கழிச்சு செவ்வந்தியப் பாக்க வாராவ. நல்ல எடம். தூரத்து ஊரு, அவுகளுக்கு எதுவும் தெரியாது. அவளுக்கும் பையனைப் புடிச்சிருக்கு. மூணு எடம் தட்டிப்போன பிறகு இப்பத்தான் அவ சிரிக்கா. இப்பப் போயி கையெழுத்தாப்பா?”

தவசிமுத்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். பின்னால் பேத்தியின் குரல் கேட்டது. தாத்தாவா, குடும்மா, நான் பேசுதேன் என்றது. அவர் போனை அணைத்துவிட்டார்.

வராந்தாவில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வசுந்தரா சம்மதப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன சொன்னாங்க?”

“லைன் கெடைக்கலம்மா” என்றார் தவசிமுத்து.